பாம் ஸ்பிரிங்ஸ் நவீனத்துவக் கட்டிடங்களின் பாதுகாப்பு

பாம் ஸ்பிரிங்ஸ் நவீனத்துவக் கட்டிடங்களின் பாதுகாப்பு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பாம் ஸ்பிரிங்ஸ் என்னும் பாலைவன நகரத்திலும் அதன் அயல் நகரங்களிலும், 1930களின் நடுப்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை கட்டப்பட்ட நவீனத்துவப் பாணிக் கட்டிடங்களை இடிபடாமலும் உருமாறாமலும் காப்பதற்காக மேற்கொள்ளப்படும் முயற்சிகளைக் குறிக்கும். இக்கட்டிடங்கள் எஃகு, கண்ணாடி, அலுமினியம், காங்கிறீட்டுப் பாளங்கள் போன்ற தொழிற்சாலைப் பொருட்களால் ஆனவை. தட்டையான அல்லது மடிப்புக் கூரை, மெல்லிய தூண்கள், தரை முதல் கூரை வரையான கண்ணாடிச் சுவர்கள் ஆகியன இவற்றின் பொதுவான அடையாளங்கள்.

மரபுரிமை என்றதும் பல நூற்றாண்டுப் பழமை கொண்ட கோயில்களும் கோட்டைகளுமே பொதுவாக நினைவுக்கு வருகின்றன. பாம் ஸ்பிரிங்சில் பாதுகாப்பு இயக்கம் தோன்றியபோது, காக்கப்பட வேண்டிய கட்டிடங்களிற் பல ஐம்பது ஆண்டுகளைக்கூட எட்டியிருக்கவில்லை. அவற்றை வடிவமைத்தவர்களுள் சிலர் அப்போது உயிருடன் இருந்தனர். மரபுரிமை எனக் கொள்ள மிகப் புதியவையாகவும், வாழ வசதியற்ற அளவுக்குப் பழையனவாகவும் கருதப்பட்ட இத்தகைய கட்டிடங்களே எளிதில் அழிவுக்கு உள்ளாகின்றன. இந்த இடைக்காலத்தை ஒரு நகரம் எவ்வாறு கடந்தது என்பதற்கும், அதன்போது எவற்றைக் காத்தது, எவற்றை இழந்தது என்பதற்கும் பாம் ஸ்பிரிங்ஸ் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

அமைவிடமும் காலநிலையும்

பாம் ஸ்பிரிங்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் கிழக்கே, கோச்செல்லா பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. இதன் மேற்கே சான் ஜசிண்டோ மலை 3,300 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுகின்றது. 1938 ஆம் ஆண்டில் இது நகரமாகப் பதிவு செய்யப்பட்டது. 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 44,575.

கோடையில் பகல் வெப்பநிலை வழக்கமாக 40 °செ ஐத் தாண்டும். 2024 யூலை 5 ஆம் நாள் 51 °செ பதிவானது. இது நகரின் வரலாற்றில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை ஆகும். மழை மிகக் குறைவு, குளிர்காலம் இதமானது. இதனால் 1920கள் முதலே ஹாலிவுட் நடிகர்களும் செல்வந்தர்களும் குளிர்கால ஓய்விடமாக இந்நகரை நாடி வந்தனர்.

நவீனத்துவக் கட்டிடக்கலையின் வளர்ச்சி

இங்கே நவீனத்துவம் வேரூன்ற முக்கிய காரணமாக இருந்தவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் ஃபிரே (1903–1998). சுவிட்சர்லாந்தில் பிறந்த இவர், பிற்காலத்தில் சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொபூசியேயின் பாரிஸ் அலுவலகத்தில் 1920களின் இறுதியில் பணியாற்றினார். 1930 இல் அமெரிக்கா சென்ற ஃபிரே, 1934 இல் ஒரு கட்டிட வேலைக்காகப் பாம் ஸ்பிரிங்சுக்கு வந்தார். பின்னர் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கட்டுமானம் பெருகியது. இக்காலத்தின் முக்கிய படைப்புகள் சில:

காஃப்மன் வீடு (1946): ரிச்சார்ட் நியூட்ரா வடிவமைத்தது. பிராங்க் லாய்ட் ரைட்டின் புகழ்பெற்ற ஃபாலிங்வாட்டர் வீட்டைக் கட்டுவித்த பிட்ஸ்பர்க் வணிகர் எட்கர் காஃப்மனே இதையும் கட்டுவித்தார்.

சினாட்ரா வீடு (1947): ஈ. ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் வடிவமைத்தது. பழைய ஜார்ஜியப் பாணி வீட்டை விரும்பிய பாடகர் பிராங்க் சினாட்ராவை, நவீன வீட்டுக்கு இணங்க வைத்தவர் இவரே.

இரண்டாம் ஃபிரே வீடு (1964): ஃபிரே தமக்காக மலைச்சரிவில் கட்டியது. இடத்தில் இருந்த பெரும் பாறை அகற்றப்படவில்லை. கண்ணாடிச் சுவரைத் துளைத்துக்கொண்டு அது வீட்டுக்குள் நுழைகின்றது.

டிராம்வே எரிபொருள் நிலையம் (1965): ஃபிரேயும் ராப்சன் சேம்பர்சும் வடிவமைத்தது. ஆப்பு வடிவிலான இதன் கூரை, சாலையை நோக்கி வெகுதூரம் நீண்டு வானை நோக்கி உயர்கின்றது.

இவை தனித்தனியாகப் புகழ் பெற்ற கட்டிடங்கள். ஆனால் நகரின் தோற்றத்தை மாற்றியவை சாதாரண வாங்குநருக்காகக் கட்டப்பட்ட தொகுதி வீடுகளே. ஜோர்ஜ் அலெக்சாண்டர், அவர் மகன் ராபர்ட் ஆகியோரின் கட்டுமான நிறுவனம், பெரும்பாலும் வில்லியம் கிரிசெல், டான் பால்மர் ஆகியோரின் வடிவமைப்பில், இப்பள்ளத்தாக்கில் 2,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. ஒரே தரைப்படத்தை வெவ்வேறு திசைகளில் திருப்பி அமைத்தும், கூரை வடிவை மாற்றியும், ஒரே மாதிரியான வீடுகள் வெவ்வேறாகத் தோன்றும்படி கிரிசெல் செய்தார். 1965 இல் ஒரு விமான விபத்தில் தந்தையும் மகனும் உயிரிழந்தனர்.

இதே நிறுவனத்துக்காக டொனால்ட் வெக்ஸ்லரும் ரிச்சார்ட் ஹாரிசனும் முழுவதும் எஃகாலான வீடுகளை வடிவமைத்தனர். கடும் வெயிலில் மரம் வளைந்து வெடிக்கும்; எஃகுக்கு அந்தக் குறை இல்லை. வறண்ட காற்றில் துருப்பிடித்தலும் குறைவு. திட்டமிட்ட 38 வீடுகளுள் 1961–62 காலத்தில் ஏழு மட்டுமே கட்டப்பட்டன. எஃகின் விலை ஏறியதால் திட்டம் நின்றுபோனது.

வீழ்ச்சிக் காலம்

1970களில் பள்ளத்தாக்கின் வளர்ச்சி பாம் ஸ்பிரிங்சை விட்டு விலகி, கிழக்கே உள்ள ராஞ்சோ மிராஜ், பாம் டெசர்ட், இந்தியன் வெல்ஸ் ஆகிய புதிய நகரங்களை நோக்கி நகர்ந்தது. பெரிய கடைகளும் அங்கே சென்றன. பாம் ஸ்பிரிங்சின் நகர மையம் களையிழந்தது; வீடுகளின் விலை வீழ்ந்தது. நவீனத்துவப் பாணியும் வழக்கொழிந்ததாகக் கருதப்பட்டது.

இவ்வீழ்ச்சியே இக்கட்டிடங்களைக் காத்தது எனப் பலர் கருதுகின்றனர். வளமான நகரங்களில் பழைய வீடுகளை இடித்துப் பெரிய வீடுகள் கட்டப்பட்டன. பாம் ஸ்பிரிங்சில் இடிப்பதற்கான பணமும் தேவையும் குறைவாக இருந்தன. ஆயினும், கைவிடப்படுதல் கட்டிடங்களை நிற்க விடுமே அன்றி நல்ல நிலையில் வைத்திருக்காது. 1955 இல் எட்கர் காஃப்மன் இறந்த பின்னர் அவரது வீடு சில ஆண்டுகள் வெறுமையாக இருந்தது. பின்வந்த உரிமையாளர்கள் முற்றங்களை அடைத்து அறைகளாக்கினர். கூரை மீது வளி பதனக் கருவிகளை ஏற்றினர்.

பாதுகாப்பு இயக்கம்

1981 இல் பாம் ஸ்பிரிங்ஸ் நகர மன்றம் வரலாற்று இடங்களின் பாதுகாப்புக்கான விதி ஒன்றை இயற்றி, அதற்கென ஒரு வாரியத்தையும் அமைத்தது. எனினும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கட்டிடங்கள் மீது பரவலான கவனம் திரும்பியது 1990களிலேயே ஆகும். 1997 இல் பாம் ஸ்பிரிங்ஸ் பாதுகாப்பு அறக்கட்டளை தொடங்கப்பட்டது. 1999 இல், ஃபிரே வடிவமைத்த தீயணைப்பு நிலையம் ஒன்று இடிக்கப்படும் நிலை ஏற்பட்டபோது, அதைத் தடுப்பதற்காகக் கூடியவர்கள் பாம் ஸ்பிரிங்ஸ் நவீனத்துவக் குழுவை உருவாக்கினர்.

டிராம்வே எரிபொருள் நிலையமும் இக்காலத்தில் இடிக்கப்படும் நிலையில் இருந்தது. எரிபொருள் விற்பனை நின்றுபோன பின் அது சில காலம் கலைக்கூடமாக இயங்கியது. பின்னர் நகர நிர்வாகம் அதனை வாங்கியது. 2003 முதல் அது நகரின் பயணியர் தகவல் மையமாக இயங்கி வருகின்றது. முன்னர் எரிபொருளுக்காக வாகனங்கள் நின்ற இடம் இப்போது நகருக்குள் வருவோரின் முதல் தரிப்பிடமாக உள்ளது.

மாஸ்லோன் வீட்டின் அழிவு

பாதுகாப்பு இயக்கத்தில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்திய நிகழ்வு, பாம் ஸ்பிரிங்சில் அன்றி அயல் நகரமான ராஞ்சோ மிராஜில் இடம்பெற்றது. அங்கே 1962 இல் நியூட்ரா வடிவமைத்த மாஸ்லோன் வீடு ஒரு குழிப்பந்தாட்டத் திடலின் ஓரத்தில் இருந்தது. கலைப்பொருள் சேகரிப்பாளர்களான மாஸ்லோன் இணையருக்காகக் கட்டப்பட்ட அது, பெரிய மாற்றங்கள் இன்றி நல்ல நிலையில் இருந்தது. 2002 இல் அவ்வீடு விற்கப்பட்டது. வாங்கியவர் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் அதை இடித்துவிட்டார்.

இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. நகர அலுவலகம் இடிப்பதற்கான அனுமதியை வழக்கமான முறையில் வழங்கியிருந்தது. பாழடைந்த கட்டிடங்களுக்கே ஆபத்து என்று அதுவரை நம்பப்பட்டது. நல்ல நிலையில் உள்ள, புகழ் பெற்ற ஒருவரின் கட்டிடமும், நிலத்தின் விலை வீட்டின் விலையை விஞ்சும்போது சில நாட்களில் மறைந்துவிடலாம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

சட்டப் பாதுகாப்பு

ஐக்கிய அமெரிக்காவில் மரபுரிமைக் கட்டிடங்களுக்கான சட்டங்கள் மூன்று மட்டங்களில் உள்ளன.

தேசிய மட்டம்: 1966 இன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேடு பேணப்படுகின்றது. சிறப்பான முக்கியத்துவம் இருந்தாலன்றி, ஐம்பது ஆண்டுகளுக்கு உட்பட்ட கட்டிடங்கள் பொதுவாக இதில் சேர்க்கப்படுவதில்லை. இப்பதிவேட்டில் இடம்பெறுவது பெருமைக்குரியதாயினும், தனியார் உரிமையாளர் தம் சொந்தச் செலவில் கட்டிடத்தை இடிப்பதை அது தடுப்பதில்லை.

மாநில மட்டம்: கலிபோர்னியாவின் மில்ஸ் சட்டம் (1972) நகரங்களும் உரிமையாளர்களும் ஒப்பந்தம் செய்துகொள்ள வழி செய்கின்றது. கட்டிடத்தைப் பேணுவதற்கு உரிமையாளர் உடன்பட்டால் அவருடைய சொத்து வரி குறைக்கப்படும். ஒப்பந்தக் காலம் குறைந்தது பத்து ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் அது தானாகவே நீடிக்கும்.

நகர மட்டம்: இடிப்பதைத் தடுக்கும் உண்மையான அதிகாரம் பெரும்பாலும் இங்கேயே உள்ளது. பாம் ஸ்பிரிங்ஸ் விதி கட்டிடங்களை வகுப்புகளாகப் பிரிக்கின்றது. முதல் வகுப்பில் அறிவிக்கப்பட்ட கட்டிடத்தின் வெளித்தோற்றத்தை மாற்ற வாரியத்தின் ஒப்புதல் தேவை. 2001 இல் ஏழு எஃகு வீடுகளும் இவ்வகுப்பில் சேர்க்கப்பட்டன. அப்போது அவற்றின் வயது நாற்பது ஆண்டுகள் மட்டுமே. ஐம்பது ஆண்டுகளை எட்டும் வரை காத்திருக்காமல் நகரம் தானே செயற்படலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஒரு கட்டிடத்தின் பாதுகாப்பு அது எவ்வளவு சிறந்தது என்பதை மட்டும் பொறுத்ததன்று. எந்த நகரத்தின் எல்லைக்குள் உள்ளது என்பதையும் பொறுத்தது. மாஸ்லோன் வீடு அழிந்தமைக்கு இதுவே அடிப்படைக் காரணம்.

தொழில்நுட்பச் சிக்கல்கள்

நவீனத்துவக் கட்டிடங்களைப் பழுதுபார்ப்பதில் கற்கட்டிடங்களில் இல்லாத சில சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, மெல்லிய தன்மை. இக்கட்டிடங்களின் அழகு கூரை விளிம்பின் கோட்டிலும் தூணின் நுண்மையிலும் தங்கியுள்ளது. அலங்கார வேலைப்பாடுகள் இல்லாததால் சிறு மாற்றமும் உடனே கண்ணில் படும். கூரை விளிம்பு சில சென்டிமீட்டர் தடித்தாலே கட்டிடத்தின் தோற்றம் மாறிவிடும்.

இரண்டாவது, வெப்பம். ஒற்றைக் கண்ணாடிச் சுவர்களும் வெப்பக்காப்பு குறைந்த கூரைகளும் மின்சாரம் மலிவாக இருந்த காலத்தில் அமைக்கப்பட்டவை. குளிர்கால ஓய்வுக்காகவே கட்டப்பட்ட வீடுகளில் இன்று ஆண்டு முழுவதும் மக்கள் வாழ்கின்றனர். வெப்பக்காப்புப் பொருளைக் கூரையின் நடுவில் தடிப்பாகவும் விளிம்பை நோக்கி மெலிவாகவும் அமைப்பது ஒரு தீர்வு. இதனால் கீழிருந்து பார்ப்பவருக்கு விளிம்பு பழையபடி மெல்லியதாகவே தோன்றும். வழக்கமான கட்டிட விதிகளுக்கு மாற்றான தீர்வுகளை வரலாற்றுக் கட்டிடங்களில் பயன்படுத்தக் கலிபோர்னியாவின் வரலாற்றுக் கட்டிட விதித்தொகுப்பு இடமளிக்கின்றது.

மூன்றாவது, உதிரிப் பாகங்கள். இவை தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட பாகங்களைக் கொண்டவை. அப்பாகங்களின் உற்பத்தி நின்றுவிட்டதால், ஒரு காலத்தில் மலிவாக இருந்த பொருளைத் தனியாகச் செய்விக்கப் பெரும் பொருட்செலவாகின்றது.

காஃப்மன் வீட்டின் மீட்டமைப்பு இதற்குச் சிறந்த சான்று. 1990களின் தொடக்கத்தில் அதை வாங்கிய இணையர், மார்மல் ராட்சினர் என்னும் கட்டிடக்கலை நிறுவனத்தின் மூலம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் மீட்டமைப்பில் ஈடுபட்டனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உள்ள நியூட்ராவின் ஆவணங்கள் ஆராயப்பட்டன. 1947 இல் இவ்வீட்டைப் படம் பிடித்த ஒளிப்படக் கலைஞர் ஜூலியஸ் ஷுல்மனின், அதுவரை வெளிவராத படங்களைக் கொண்டு பழைய நிலை உறுதி செய்யப்பட்டது. சுவர்க் கற்களுக்காக, யூட்டா மாநிலத்தில் நெடுங்காலம் மூடிக் கிடந்த கற்சுரங்கப் பகுதி ஒன்று மீண்டும் திறக்கப்பட்டது. கூரை விளிம்பின் உலோகத் தகட்டை அதே வடிவில் மடிப்பதற்கென ஓர் இயந்திரம் வாங்கப்பட்டது. அயல் நிலங்களும் வாங்கப்பட்டு, வீட்டைச் சூழ்ந்திருந்த பாலைவனக் காட்சி மீட்கப்பட்டது. ஒரே கட்டிடக்கலைஞரின் ஒரு வீடு மறைவதற்கு ஒரு மாதமும், இன்னொன்று மீள்வதற்கு ஐந்து ஆண்டுகளும் தேவைப்பட்டன.

பிரிவு 14 உம் பழங்குடி நிலமும்

இப்பகுதியின் பூர்வ குடிகள் ஆகுவா கலியென்டே காஹுயில்லா மக்கள் ஆவர். நகரின் பெயருக்குக் காரணமான வெந்நீர் ஊற்று இவர்களுடைய நிலத்திலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசு இப்பகுதியை ஒரு சதுர மைல் பிரிவுகளாகப் பிரித்து, ஒற்றை எண் பிரிவுகளைத் தொடருந்து நிறுவனத்துக்கும், இரட்டை எண் பிரிவுகளைப் பழங்குடியினருக்கும் ஒதுக்கியது. இதனால் நகரின் நிலவுரிமை சதுரங்கப் பலகை போல் அமைந்துள்ளது.

நகர மையத்தை ஒட்டிய பிரிவு 14 இல், இன ஒதுக்கல் காரணமாக வேறிடங்களில் வீடு பெற முடியாத கறுப்பின மக்களும் மெக்சிக்க வம்சாவளியினரும் வாழ்ந்தனர். விடுதிகளிலும் வீடுகளிலும் கட்டுமான இடங்களிலும் உழைத்தவர்கள் இவர்களே. 1959 இல் பழங்குடி நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விடச் சட்டம் இடமளித்ததும் இந்நிலத்தின் வணிக மதிப்பு பெருகியது. 1960களில் குடியிருப்பாளர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய வீடுகள் நகரத்தின் துணையோடு இடித்து எரிக்கப்பட்டன. 1968 இல் வெளியான மாநிலத் தலைமைச் சட்ட அலுவலரின் அறிக்கை நகர நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. 2021 இல் நகர மன்றம் முறைப்படி மன்னிப்புக் கோரியது. 2024 நவம்பரில், பாதிக்கப்பட்டோருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் 59 இலட்சம் டாலர் வழங்க ஒப்புதல் அளித்தது.

இன்று போற்றப்படும் கட்டிடங்கள் எழுந்த அதே ஆண்டுகளிலேயே இவ்வீடுகள் அழிக்கப்பட்டன. ஆகவே ஒரு காலகட்டத்தைப் பாதுகாப்பது என்பது, எஞ்சி நிற்பவற்றைப் பேணுவதோடு, நிற்காமற்போனவற்றைப் பதிவு செய்வதையும் உள்ளடக்கியதாதல் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது.

இதே பிரிவில், வெந்நீர் ஊற்றின் மீது, வில்லியம் எஃப். கோடி, வெக்ஸ்லர் முதலியோர் வடிவமைத்த குளியல் மாளிகை 1960களின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, பின்னர் விடுதியும் இணைக்கப்பட்டது. 2014 இல் பழங்குடி அரசு இதனை இடித்தது. பாதுகாப்பு ஆர்வலர்கள் வருந்தினர்; ஆனால் இறைமையுள்ள பழங்குடி நிலத்தில் நகர விதி செல்லாது. அவ்விடத்தில் 2023 இல் புதிய குளியல் மாளிகையும் காஹுயில்லா மக்களின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. ஒரு தரப்பினருக்கு இது நவீனத்துவக் கட்டிடம் ஒன்றின் இழப்பு. மற்றத் தரப்பினருக்கோ தமது ஊற்றின் மீது தமது வரலாற்றை மீண்டும் நிறுவுதல்.

இன்றைய நிலை

2006 முதல் ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி மாதத்தில் நவீனத்துவ வாரம் என்னும் விழா நடைபெற்று வருகின்றது. இப்போது இது பதினொரு நாட்கள் நீடிக்கின்றது. கட்டிடங்களைப் பார்வையிட ஆயிரக்கணக்கானோர் வருவதால், பழைய வீட்டைக் காப்பது நகரின் பொருளாதாரத்துக்கும் பயன் தருகின்றது. வில்லியம்ஸ் 1961 இல் வடிவமைத்த வங்கிக் கட்டிடம் ஒன்று, 2014 முதல் பாம் ஸ்பிரிங்ஸ் கலை அருங்காட்சியகத்தின் கட்டிடக்கலை மையமாக உள்ளது. இரண்டாம் ஃபிரே வீட்டையும் அவரது விருப்பப்படி இவ்வருங்காட்சியகமே பேணுகின்றது.

2024 மார்ச்சில் அருங்காட்சியக வளாகத்தில் அலுமினேர் வீடு திறக்கப்பட்டது. ஃபிரேயும் லாரன்ஸ் கோச்சரும் 1931 இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்காகப் பத்தே நாட்களில் பொருத்தி அமைத்த உலோக வீடு இது. பலமுறை கழற்றி இடம் மாற்றப்பட்டும், 1980களில் இடிபடும் நிலையில் இருந்து காக்கப்பட்டும், பல ஆண்டுகள் பாகங்களாகக் கிடந்தும், 2017 இல் பாரவூர்தியில் பாம் ஸ்பிரிங்ஸ் வந்து சேர்ந்தது. ஃபிரே இதை இந்நகருக்காக வடிவமைக்கவில்லை. ஆயினும் அவர் வாழ்ந்து மறைந்த ஊரிலேயே இது நிலைபெற்றுள்ளது.

நகரில் உள்ள ஆயிரக்கணக்கான தொகுதி வீடுகளிற் பெரும்பாலானவை எவ்வகுப்பிலும் அறிவிக்கப்படாதவை. அவற்றின் எதிர்காலம் ஒவ்வொரு விற்பனையின் போதும், வாங்குபவர் எடுக்கும் முடிவிலேயே தங்கியுள்ளது.